தரம் ஆறுக்கு எந்தப் பாடசாலை?



ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்த கையோடு நம் வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பமாகி விடுகிறது. மாமி ஒன்று சொல்வார். மூத்த ராத்தா இன்னொன்று சொல்வார். கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ தொலைபேசியில் பேசும் பிள்ளையின் வாப்பா, "காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், நல்ல இடத்தில் போடுங்கள்" என்று சொல்லி வைத்து விடுவார். எது அந்த நல்ல இடம் என்று தேடும் பொறுப்போ உம்மாவின் தலையில்தான் வந்து விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கழுத்தில் டை கட்டி, வேனில் ஏறி, இன்டர்நேஷனல் ஸ்கூலுக்குப் போவதைக் காணும்போது, நம் பிள்ளைக்குக் குறை வைத்து விட்டோமோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களை மனதில் வைத்தே இதனை எழுதுகிறேன். நகரிலும் ஜமாலியாவிலும் இருப்பவர்கள், சீனக்குடாப் பக்கம், வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர், தோப்பூர், வடக்கே புல்மோட்டை வரை இருப்பவர்கள் ஆகிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒரே மாதிரியானதல்ல. ஆயினும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. அவற்றை அறியாமலேயே நம்மில் பலர் பிள்ளையின் எட்டு வருடங்களைத் தீர்மானித்து விடுகிறோம்.

தனியார் பாடசாலை என்பது எது?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். திருகோணமலை நகரில் புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி, கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என்று பெயர் பெற்ற பாடசாலைகள் பல இருக்கின்றன. மிஷன்மாரும் சமய மன்றங்களும் ஆரம்பித்தவை என்பதால் இவற்றைத் தனியார் பாடசாலைகள் என்று எண்ணுகிறவர்கள் இன்னமும் உண்டு. இவையெல்லாம் இன்று அரசாங்கப் பாடசாலைகளே.

நம் நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. பிறகு 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்று வந்த பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. அத்தோடு நிற்கவில்லை. 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனியார் எவரும் புதிதாகப் பாடசாலை ஆரம்பிப்பதையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அப்படியானால் இத்தனை இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ், கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டு நடப்பவை. கல்வி அமைச்சின் நிர்வாகத்தில் அவை இல்லை. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து எவரும் போய் அங்கே ஆசிரியரின் தகைமையைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பழைய தனியார் பாடசாலைகள் சில அரசாங்கத்திடம் போகாமலும், போய்த் திரும்பியும் இருக்கின்றன. நம் சமூகம் நன்கறிந்த உதாரணம் கொழும்பு மருதானை ஸாஹிராக் கல்லூரி. 1892இல் அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் முதலியோரின் முயற்சியால் தோன்றி, ரி. பி. ஜாயா, ஏ. எம். ஏ. அஸீஸ் ஆகிய அதிபர்களின் காலத்தில் சிறந்து விளங்கிய அக்கல்லூரி, 1961இல் அரசாங்கத்தின் கைக்குப் போய், 1977இல் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்கு வந்தது. ஆனால் திருகோணமலையில் இருக்கும் உம்மாவுக்கு மருதானை ஓர் இரவுப் பிரயாணம். ஆகவே நம் மாவட்டத்தில் "தனியார்" என்று சொன்னால், பெரும்பாலும் அது இன்டர்நேஷனல் ஸ்கூலைத்தான் குறிக்கும்.

பிள்ளை எந்தப் பரீட்சை எழுதப் போகிறது?

கட்டடத்தைப் பார்க்குமுன், சீருடையைப் பார்க்குமுன், ஆங்கிலத்தில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு மயங்குமுன், அதிபரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: என் பிள்ளை பதினோராம், பதின்மூன்றாம் வகுப்புகளில் எந்தப் பரீட்சைக்கு அமரும்? நம் நாட்டுக் க.பொ.த. பரீட்சைக்கா, லண்டன் பரீட்சைக்கா? சில இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் உள்நாட்டுப் பாடத்திட்டத்திலும் படிப்பிக்கின்றன. பல அப்படியில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு இலவசம். அவற்றுக்கான வழமையான வாசல் உள்நாட்டு உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற துறைகளுக்கு மாணவரைத் தெரிவு செய்யும்போது 40 வீதம் இடங்களை அகில இலங்கைத் திறமைக்கு ஒதுக்குகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது.

இதன் பொருள் என்ன? கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்காத ஒரு புள்ளியில், நம் மாவட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடும். இந்த வாய்ப்பை எந்தக் கட்டணம் கொடுத்தும் வாங்க முடியாது. லண்டன் பரீட்சைக்குப் போகும் பிள்ளை, தான் அறியாமலே இதைக் கைவிட்டு விடுகிறது. ஆசிரியத் தொழிலுக்கான கல்வியியற் கல்லூரிகளும் உள்நாட்டு உயர்தரப் பெறுபேற்றையே கேட்கின்றன. நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வழியாக உத்தியோகம் பெற்றிருக்கிறார்கள் என்பதை உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

லண்டன் பரீட்சை கெட்டது என்று சொல்லவில்லை. வெளிநாட்டில் படிக்க வைக்கும் வசதியும் எண்ணமும் இருப்பவர்களுக்கும், உள்நாட்டில் காசு கட்டிப் பட்டம் படிப்பிக்க ஆயத்தமாக இருப்பவர்களுக்கும் அது நல்ல வழிதான். அந்த இரண்டும் இல்லாத குடும்பம் அந்த வழியில் இறங்கினால், பதின்மூன்றாம் வகுப்பு முடிந்த மறுநாள் கைபிசைந்து நிற்க நேரிடும்.

எட்டு வருடக் கணக்கு

மாதக் கட்டணத்தைக் கேட்டு, "சமாளிக்கலாம்" என்று முடிவெடுப்பதுதான் நாம் வழமையாகச் செய்வது. தரம் 6 முதல் 13 வரை எட்டு வருடங்கள். மாதக் கட்டணத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை எட்டால் பெருக்குங்கள். சேர்வுக் கட்டணம், வைப்புப் பணம், புத்தகம், வேன் காசு, வருடா வருடம் கூடும் தொகை எல்லாவற்றையும் அதன்மேல் போடுங்கள். இரண்டாவது பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். மூத்தவனுக்குக் கொடுத்ததை இளையவளுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? (சொல்லி விடுகிறோம் என்பதுதான் கசப்பான உண்மை. மகனுக்குக் கட்டணப் பாடசாலை, மகளுக்குப் பக்கத்துப் பாடசாலை என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே குறைவல்ல. மகள்தான் மகனை விட நன்றாகப் படிப்பவளாகவும் இருப்பாள்!)

லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுண் விலையோடு ஏறி இறங்கும் ஒன்று. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. அந்த வருடம் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த பெற்றோரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. வாப்பாவின் வெளிநாட்டு ஒப்பந்தம் இடையில் முடிந்து விட்டால் காப்பும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகும். அதுவும் முடிந்தபின், ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் பிள்ளையைத் தமிழ் மொழிமூலப் பாடசாலைக்கு மாற்ற வேண்டி வரும். அதுவரை ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை, "ஒளித்தொகுப்பு" என்ற சொல்லையே முதன்முறை கேட்டு விழிக்கும்.

அரசாங்கப் பாடசாலையும் முற்றிலும் இலவசம் என்று எண்ணி விடாதீர்கள். பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைத்து வருவது உண்மை. ஆனால் அபிவிருத்திச் சங்கத்துக்கான பணம், வகுப்புக்குப் பெயின்ட் அடிக்க, மின்விசிறி பூட்ட என்று கேட்கும் பணம், எல்லாவற்றையும் விட மேலாக டியூஷன் காசு! கணிதத்துக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று மாலை முழுவதும் பிள்ளை ஓடுகிறது. கட்டணப் பாடசாலைப் பிள்ளை மட்டும் டியூஷன் போகாது என்று எண்ணுகிறீர்களா? அதே கொட்டிலில், அதே வாங்கில், பக்கத்தில்தான் அதுவும் உட்கார்ந்திருக்கிறது.

1ஏபி என்ற மூன்று எழுத்து

இனி நான் சொல்லப் போவதுதான், என் எண்ணத்தில், தனியாரா அரசாங்கமா என்பதை விடப் பெரிய கேள்வி.

அரசாங்கப் பாடசாலைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அவற்றுக்கு வகை உண்டு. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாத் துறைகளும் உண்டு. 1சி என்றால் உயர்தரம் உண்டு. ஆனால் கலையும் வர்த்தகமும்தான், விஞ்ஞானம் கிடையாது. வகை 2 பதினோராம் தரத்தோடு முடிந்து விடும். வகை 3 சிறு பிள்ளைகளுக்கான பாடசாலை. ஊரில் எல்லாவற்றுக்கும் "மகா வித்தியாலயம்", "கல்லூரி" என்று பெயர் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து வலயங்கள் உள்ளன. உங்களுடையது எதுவோ அங்கே கேளுங்கள்.

வகை ஏன் இவ்வளவு முக்கியம்? மேலே சொன்ன மாவட்டக் கோட்டாவை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். கலைத்துறைக்கு அது பெரும்பாலும் இல்லை. கலைத்துறைப் பிள்ளை நாடு முழுவதுமுள்ள கலைத்துறைப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டும். விஞ்ஞானமும் கணிதமும் வர்த்தகமும் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைக்குத்தான் திருகோணமலைக்காரி என்ற சலுகை உதவும். இப்போது நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். ஒரு பெண்பிள்ளை சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ எடுக்கிறாள். வீட்டருகிலுள்ள பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. தூரத்துக்கு அனுப்ப வாப்பாவுக்கு மனமில்லை. "கலை படிக்கட்டும், அதுவும் படிப்புத்தானே" என்று முடிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு இழப்பது ஒரு பாடத்தை மட்டுமல்ல. இந்த மாவட்டத்தில் பிறந்ததற்காக அவளுக்குச் சட்டப்படி கிடைத்திருக்கக் கூடிய ஓர் இடத்தையும் இழக்கிறாள்.

கலை படித்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போய்ச் சிறந்து விளங்கும் சகோதரிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. விரும்பிக் கலை எடுப்பது வேறு, வேறு வழியின்றி எடுப்பது வேறு. ஆகவே தரம் ஆறில் சேர்க்கும்போதே, உயர்தரத்தில் அவள் எங்கே விஞ்ஞானம் படிக்க முடியும், அங்கே எப்படிப் போய் வருவாள் என்று பார்த்து வையுங்கள். பதினாறு வயதில் யோசித்தால் பயம்தான் முன்னுக்கு நிற்கும்.

போய் வரும் வழி

பயம் என்று சொன்னேன். அது காரணமில்லாத பயமும் அல்ல. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கிண்ணியாவிலிருந்து நகருக்குப் படிக்கப் போன பிள்ளைகள் துறையில் பாதைக்காகக் காத்திருந்தே போனார்கள். பாலம் வந்தபின் நகரப் பாடசாலை எட்டிப்பிடிக்கும் தூரமாயிற்று. ஆனால் அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். பாடசாலைக்கு அனுப்பி விட்டு அடுப்படிக்குத் திரும்பிய தாய்மாருக்கு வந்த செய்தி அது.

எனவே தூரத்தை மைலில் மட்டும் அளக்காதீர்கள். நீங்களே ஒரு நாள், பாடசாலை நேரத்தில், பிள்ளை போகப் போகும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாருங்கள். சிசு செரிய பஸ் அந்த வழியால் ஓடுகிறதா? வேன் என்றால் ஓட்டுநர் யார், எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்? டியூஷன் முடிந்து மஃரிபுக்கு முன் பிள்ளை வீடு வந்து சேருமா? இரண்டு மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து, நான்கைந்து பெண்பிள்ளைகளை ஒரே பாடசாலைக்கு ஒன்றாக அனுப்பினால் பாதிக் கவலை குறைந்து விடும். தனியாக அனுப்ப மனமில்லாத வாப்பாமார் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

முஸ்லிம் பாடசாலையா, பிற பாடசாலையா?

இந்தக் கேள்வியும் கூடவே வரும். முஸ்லிம் பாடசாலைக்குத் தனி நாட்காட்டி உண்டு. நோன்புக்கு விடுமுறை கிடைக்கும், ஜும்ஆவுக்கு ஏற்ற நேரசூசி இருக்கும், உடையைப் பற்றிப் பேச்சு எழாது. பிற பாடசாலையில் நோன்பு நோற்றுக்கொண்டு தவணைப் பரீட்சை எழுத வேண்டி வரலாம். இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். அதே வேளை பாட ஆசிரியர் நிறைந்த பழைய நகரப் பாடசாலையின் நன்மையையும் மறுக்க முடியாது. நம் பிள்ளைகள் பலர் அங்கு படித்து, தமிழ்ச் சகோதரிகளோடு கடைசி வரை நட்பாக இருக்கிறார்கள்.

2018இல் நகரிலுள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த பிரச்சினை இரு பக்கத்திலும் மனக்கசப்பை உண்டாக்கியது. அதைக் காரணம் காட்டி மகளை மாற்றியவர்களும் உண்டு, மாற்றாதவர்களும் உண்டு. இரு சாராரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் பாடசாலையில் இருந்து விட்டால் பிரச்சினையே வராது என்றும் எண்ண வேண்டாம். 2024 மே மாத முடிவில் உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தபோது, திருகோணமலை ஸாஹிராக் கல்லூரி மாணவிகள் 70 பேரின் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காது மறையும்படி அவர்கள் தலையை மூடியிருந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. பலரும் பேசிய பிறகே அவை வெளியிடப்பட்டன. இரண்டு வருடம் கண்விழித்துப் படித்த பிள்ளைகளும் அவர்களது உம்மாமாரும் அந்த நாட்களில் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். பரீட்சை மண்டபத்தின் உடை விதி என்ன என்பதை அதிபரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் பரீட்சை அதிகாரிகளோடு பேசித் தெளிவுபடுத்தும்படி பெற்றோர் கூட்டத்தில் சொல்லி வைப்பது நம் கடமை.

பாடசாலையில் என்ன கேட்பது?

வீதியோரத்தில் 9ஏ எடுத்த பிள்ளைகளின் படம் போட்ட பதாகைகள் தொங்கும். அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், முடிவெடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை எங்கே போட்டாலும் 9ஏ எடுத்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, போன வருடம் சாதாரண தரம் எழுதியவர்களில் எத்தனை பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள் என்பதே. பத்தாம் தரத்துக்கு இப்போது கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் படிப்பிப்பவர் யார், அவர் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார் என்றும் விசாரியுங்கள். நகரை விட்டுத் தள்ளிப் போகப் போக இந்த மூன்று பாடங்களுக்கும் ஆசிரியர் தட்டுப்பாடு. வந்தவரும் இடமாற்றம் வாங்கிப் போய் விடுகிறார். இதே கேள்வியைக் கட்டணப் பாடசாலையிலும் கேளுங்கள். சம்பளம் குறைவென்று வருடத்துக்கு இரு ஆசிரியர் மாறும் இடங்கள் அங்கேயும் உண்டு.

ஆங்கிலத்துக்காகவே காசு கட்ட எண்ணுகிறவர்கள், அருகிலுள்ள அரசாங்கப் பாடசாலையில் இருமொழிக் கல்வி இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். சில பாடசாலைகளில் தரம் ஆறிலிருந்தே கணிதம், விஞ்ஞானம் முதலிய சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். பரீட்சை உள்நாட்டுப் பரீட்சையாகவே இருக்கும். அது இல்லாவிட்டால், கட்டணமாகக் கொடுக்கவிருந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு வீட்டுக்கு ஒரு நல்ல ஆங்கில ஆசிரியையை வரவழைப்பதே என் புத்திக்குச் சரியாகப் படுகிறது. மிச்சத்தைப் பிள்ளையின் பெயரில் போட்டு வையுங்கள். உயர்தரத்தில் விடுதிக்கும் பிரயாணத்துக்கும் அது தேவைப்படும்.

ஏற்கெனவே இன்டர்நேஷனல் ஸ்கூலில் பிள்ளையைச் சேர்த்து, இப்போது தடுமாறும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மாற்றுவதாக இருந்தால் தரம் பத்துக்கு முன் மாற்றுங்கள். சாதாரண தரப் பாடத்திட்டம் பத்திலும் பதினொன்றிலும் நடக்கிறது. பாடத் தெரிவும் பத்தில்தான். அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே வீட்டில் தமிழ்ப் பாடநூலையும் தமிழ்மொழி விஞ்ஞான நூலையும் வாங்கி வைத்து, இஷாவுக்குப் பிறகு நாளொன்றுக்கு இரண்டு பக்கம் சத்தமாக வாசிக்க வையுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வரும் பிள்ளைக்குக் கணிதம் கூடக் கடினமாகி விடும், ஏனென்றால் கணக்கும் தமிழில்தான் எழுதியிருக்கும். விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கடைசி மூன்று தவணை அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, தவணை முடியக் காத்திராமல் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் எந்தப் பாடசாலையில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள்.